சிரிப்புக் குழாய்

சிப்பிக்குடிக்காரர்கள் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டார்கள். வீம்பெல்லாம் இல்லை, வழக்கம் அப்படி. ஓர் ஆளை ஆயுசுக்கும் எடுக்கிற படம் மூன்றோ நான்கோ. அதில் நன்றாக விழுந்த ஒன்றைத்தான் அவர் போன பதினாறாம் நாள் பெரிசாக்கிச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, வீட்டு நடுச்சுவரில் மாட்டுவார்கள். பின்னால் வருகிற பிள்ளைகள் விழுந்து கும்பிடப்போகிற முகம் பல்லைக் காட்டிக்கொண்டா நிற்பது என்று, கல்யாணப் பெண்ணானாலும் சரி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையானாலும் சரி, கேமராவைக் கண்டதும் கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, வாயை இறுக்கி மூடி, எமனிடமே கணக்குக் கேட்கப்போகிறவர்களாக நேரே பார்த்து நிற்பார்கள். வெளியூர் போட்டோக்காரர்கள் ‘கொஞ்சம் சிரிங்களேன்’ என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் சிரித்தால் தண்ணீர் வருகிற குழாய் வந்து முளைத்தது.

அந்த ஊர் மண்ணை எங்கே கொத்தினாலும் சிப்பி வரும். முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம், யாரோடோ மனஸ்தாபம் வந்து எழுந்து போய்விட்டதாம். போன கடல் விட்டுப்போன வெள்ளைக் கல்லுக்காகப் பதினெட்டு வருசத்துக்கு முன்னால் சிமெண்டுக் கம்பெனி வந்தது, வந்து வேலி போட்டது, வேலிக்குள் பள்ளம் தோண்டியது, தோண்டத் தோண்டப் பள்ளம் ஆழமாகி, அடியில் நிற்கிற லாரி மேலேயிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற வரைக்கும் தோண்டியது. பள்ளம் இறங்க இறங்க ஊர்க் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. மேலத்தெருக் கிணறு முதலில் போனது, அப்புறம் கோயில் கிணறு, அப்புறம் தையல்நாயகி வீட்டுக்கு எதிரே இருந்த தெருக்கிணறு. இத்தனை கிணற்றுத் தண்ணீரும் மண்ணுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு போய்க் கம்பெனிப் பள்ளத்தின் அடியில் சேர்ந்தது. கம்பெனி அதை மோட்டார் வைத்து இறைத்து, லாரி ரோட்டில் புழுதி அடங்கத் தெளித்தது, விருந்தினர் மாளிகைப் புல்வெளிக்குப் பாய்ச்சியது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தையல்நாயகி அந்த லாரி ரோட்டு முக்கில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அவள் புருசன் கலியபெருமாள் கம்பெனியில் முதல் முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவன். கல்லில் வெடிக்குத் துளை போடுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு பதினாறு வருசம் நின்றான். அவன் துப்பினால் எச்சில் வெள்ளையாக வரும். கடைசியில் மூச்சு விட முடியாமல் கம்பெனி டாக்டரிடம் போனபோது, அந்த மகராசன் கலியபெருமாளின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் ‘பீடிப் பழக்கம்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார். கலியபெருமாள் பிறந்ததிலிருந்து ஒரு பீடியைத் தொட்டது கிடையாது. ஒரு பீடி, ஒரே ஒரு பீடி குடித்திருந்தால்கூடத் தையல்நாயகிக்கு மனசு ஆறியிருக்கும்.

கம்பெனி நல்ல கம்பெனி என்று சொல்வதற்கென்றே கம்பெனிக்குள் ஓர் ஆபீஸ் இருந்தது, சிஎஸ்ஆர் என்று பெயர். அதில் இருந்தவர் பிரசன்னா. கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, வாய் நிறைய ‘அக்கா’, ‘ஐயா’. ஊர் அவரை ‘சிஎஸ்ஆர் தம்பி’ என்று கூப்பிட்டது. சிஎஸ்ஆர் தம்பி ஊருக்குச் செய்யாதது இல்லை. பஸ் வராத ரோட்டில் பஸ் நிழற்குடை கட்டினார், அதில் கம்பெனி பெயர். கிணறு வற்றிய வீடுகளுக்கு மரக்கன்று கொடுத்தார், கூண்டில் கம்பெனி பெயர். பிள்ளைகளுக்குப் பை கொடுத்தார், முதுகெல்லாம் கம்பெனி பெயர். கண் பரிசோதனை முகாம் நடத்திக் கண்ணாடி கொடுத்தார்; கண்ணாடி போட்ட பிறகு பெரியவர்களுக்குக் கம்பெனி பெயர் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கடைசியாகத்தான் குடிநீர் நிலையம் கட்டினார்.

டைல்ஸ் ஒட்டிய அறை, மாடியில் நீலத் தொட்டி, வெளிச்சுவரில் பளபளவென்று ஒரு குழாய், குழாய்க்கு மேலே ஆளுயரத்துக்குக் கம்பெனி போர்டு, எதிரே கம்பத்தில் கோழிமுட்டை அளவில் ஒரு கறுப்புக் கேமரா. எத்தனை பேர் பயனடைகிறார்கள் என்று தலைமை அலுவலகம் பார்க்க வேண்டுமாம், அதற்குத்தான் கேமரா என்றார் பிரசன்னா. திறப்பு விழா அன்று கம்பெனி கொடுத்த ஒரே நிறக் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் வேம்பு, தையல்நாயகிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. “அக்கா, குழாயைத் திறந்துட்டு அப்படியே கேமராவப் பாத்துச் சிரிங்க” என்றார் பிரசன்னா. வேம்பு குழாயைத் திறந்தாள், கையைத் தொடையோடு ஒட்டினாள், வாயை மூடினாள். தண்ணீர் வரவில்லை. எப்படிச் சிரிப்பது என்று காட்டுவதற்காகப் பின்னால் நகர்ந்த பிரசன்னா, புதுச் சிமெண்டுத் தரையில் செருப்பு வழுக்கி, ஜிப்பா மேலே பறக்கக் கால்பரப்பி உட்கார்ந்தார். வேம்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நொடியில் குழாயிலும் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் கைதட்டியது. வேம்பு சிரித்து முடித்து மூக்கைத் துடைத்தபோது தண்ணீரும் நின்றது.

மறுநாள் குழாயில் காற்றுகூட வரவில்லை. ஊரில் மோட்டார் வேலை, குழாய் வேலை எல்லாம் பார்க்கிற அருளப்பன் பூட்டை நெம்பி உள்ளே போனார், அரைமணி நேரம் கழித்து வியர்த்து வெளியே வந்தார். “குழா சுவத்துக்குள்ள ஒரு மொழம் போவுது. அதோட சரி. வாயில பழந்துணியச் சுருட்டி அடைச்சிருக்கான். தொட்டி சும்மா கெடக்கு. போரே போடல, ஒரு பைப்ப நட்டுவச்சு பெயிண்டு அடிச்சிருக்கான்” என்றார். கேட்டுக்கொண்டிருந்த வேம்பு, “பைப்ப நட்டு பெயிண்டு அடிச்சானா!” என்று ஆத்திரத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கும் போகாத அந்தக் குழாயிலிருந்து, பளிங்காட்டம் தண்ணீர், ஜில்லென்று, அவள் காலில் விழுந்தது.

அருளப்பன் திரும்ப உள்ளே போய்ப் பார்த்தார். துணி அடைத்தபடியே இருந்தது, காய்ந்துகூட இருந்தது. வெளியே வந்து, “நல்ல தண்ணிதான், பிடிங்க” என்றார். அவ்வளவுதான் ஊர் பட்ட ஆச்சரியம். ஒன்பது கிணறும் வற்றி, நாலு நாளைக்கு ஒருதரம் வருகிற பஞ்சாயத்து லாரிக்குக் குடத்தோடு ஓடி முழங்கை பேர்ந்தவர்களுக்கு, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று விசாரிக்கவா நேரம் இருக்கிறது?

ஒரே வாரத்தில் ஊர் அந்தக் குழாயின் சட்டதிட்டம் எல்லாம் கற்றுக்கொண்டது. உள்ளுக்குள் சந்தோஷம் இருக்க வேண்டியதில்லை, பல் தெரிந்தால் போதும். முந்தானையால் வாயை மறைத்துச் சிரித்தால் வராது. கேமரா மேல் துணியைப் போட்டால் வராது. செல்போனைக் காட்டிச் சிரித்தால் அதற்கெல்லாம் மசியாது, கம்பெனிக் கேமராதான் பார்க்க வேண்டும். சிரிப்பு அகலமாக இருந்தால் தண்ணீரும் தடியாக விழும். போட்டோவுக்குச் சிரித்தே பழகாத சனம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகியது. முதல் மாதம் முழுக்க ஊரே தாடை வலித்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தது. பல் போனவர்களுக்காகத் தெருவுக்கு இரண்டு பேர் முறைபோட்டுச் சிரித்தார்கள். குழாயடிச் சண்டை எங்கே போகும், அதுவும் நடந்தது. ஆனால் பிடிக்கிற குடம் நின்றுவிடுமே என்று, ஒருத்தியை ஒருத்தி ஏழு தலைமுறைக்கு இழுத்துத் திட்டுவதையும் பல்லைக் காட்டிக்கொண்டே திட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணைச் சிரிக்கச் சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரன் சிப்பிக்குடியை ‘இளிச்சவாயன் ஊர்’ என்றான், அவன் ஊர்க் கிணறு வற்றிய அன்று மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இளித்துவிட்டுப் போனான்.

இதில் ஒன்றை ஊர் தாமதமாகத்தான் கவனித்தது. வீடுகளில் சிரிப்பு குறைந்துபோனது. குழாயடியில் மூன்று குடம் சிரித்துவிட்டு வந்தவளுக்கு, குழந்தை தவழ்ந்து வந்து மடியில் ஏறினாலும் வாய் விரியவில்லை. புருசன்மார் சொன்ன வேடிக்கைக்குப் பெண்டாட்டிமார் தலையை மட்டும் ஆட்டினார்கள். இருக்கிற சிரிப்பையெல்லாம் கம்பெனிக் கேமராவுக்கே கொட்டிவிட்டு, ஊர் வெறும் வாயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தது. கொடுமை இதுதான், இதைப் போய் எந்த ஆபீசில் எழுதிக் கொடுப்பது?

அப்புறம் சாவு விழுந்தது. மேலத்தெரு ராமு படையாச்சி போனபோது பதினாறாம் நாளுக்குப் படம் தேடினார்கள். அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட படம் குழாயடிப் படம்தான். சிஎஸ்ஆர் தம்பி தாமே சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சந்தன மாலைக்கு நடுவே, கையில் குடத்தோடு, தலைக்கு மேல் கம்பெனி பெயரோடு, இருக்கிற நாலு பல்லையும் காட்டிக்கொண்டு ராமு படையாச்சி நடுச்சுவரில் தொங்கினார். விழுந்து கும்பிட்டவர்கள் கம்பெனியையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

தையல்நாயகி மட்டும் குழாயடிப் பக்கம் போகவில்லை. இட்லிக்கு அரிசி ஊறவைக்க, பாத்திரம் கழுவ, புருசனுக்குச் சுடுதண்ணீர் வைக்க, எல்லாவற்றுக்கும் ஏரிக்கரை தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்து மோட்டாருக்கு நடந்தாள். போக அரைமணி, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகத் திரும்பி வர ஒரு மணி.

“நீ வந்து சிரிக்க வேணாங்க்கா, ஒனக்கும் சேத்து நான் சிரிச்சுட்டுப் போறேன், என் வாய் பெருசுதான்” என்று வேம்பு எத்தனையோ தடவை சொன்னாள்.

“வேணாம்டி. எம் புருசன் நெஞ்சுல சுண்ணாம்பக் கொட்டிட்டு, பீடி குடிச்சான்னு எழுதிக் குடுத்துட்டு, கெணத்துத் தண்ணியவும் உறிஞ்சிகிட்டு, ஒரு கொடம் தண்ணிக்கு நான் அவன்கிட்டப் பல்ல இளிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்.”

கயிற்றுக் கட்டிலில் மூன்று தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த கலியபெருமாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். பேசினால் மூச்சு வாங்கும், இருந்தாலும் பேசாமல் இருக்க மாட்டான். “தையலு, அவனுக்குச் சிரிக்க வேணாம், வுடு. எனக்காச்சும் சிரிக்கலாமுல்ல. நீ சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு” என்பான். அவள் “ஆமா, இந்த எழவுல சிரிப்புதான் கொறச்சல்” என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவாள். ஒருநாள் அவள் தோட்டத்துக்குப் போயிருந்த சமயம், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, குழாயடிக்குப் போய்ச் சிரித்து அரைக்குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தான். அவள் அவனையும் திட்டினாள், குடத்தையும் திட்டினாள், தண்ணீரைக் கொண்டுபோய் வேப்பமரத்துக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம், மூன்று நாளாகக் கரண்டு இல்லாமல் தோட்டத்து மோட்டார் ஓடவில்லை, வீட்டுக் குடங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன, வேம்பும் தெருப் பெண்களும் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தார்கள், அந்த நேரம் பார்த்துக் கலியபெருமாளுக்கு மூச்சு இழுத்தது. கண் மேலே செருகுகிறது, உதடு வெள்ளையாகக் காய்ந்து பிளக்கிறது, “தண்ணி” என்கிறான். நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள், எல்லாம் பூட்டு. சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

குழாயைத் திறந்தாள். காற்று. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. குழாயடியில் வேறு ஈ காக்கை கிடையாது. “இன்னிக்கு ஒருநாள் சும்மா குடேன், ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு” என்று அந்தக் கறுப்பு முட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டால் எல்லாம் வருகிற குழாயா அது? கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, பல்லைக் காட்டினாள். நூல் பிடித்தமாதிரி வந்தது. போதவில்லை. உயிர் போகிற அவசரத்தில் இன்னும் அகலமாக, இன்னும் அகலமாக, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள். சொம்பு நிறைந்தது.

கலியபெருமாள் அரைச் சொம்பு குடித்தான். அவள் முகத்தைப் பார்த்தான், அது இன்னும் இழுத்துப் பிடித்தபடியே இருந்தது, ஓடிவந்த வேகத்தில் வாயை மூட மறந்திருந்தாள். அவன் கண் அதிலேயே நின்றுபோனது. மீதி அரைச் சொம்பு அப்படியே இருந்தது.

எல்லோரும் அழுதார்கள், தையல்நாயகி அழவில்லை. புருசன் சாகிற நேரத்தில் சிரித்தவள் என்று அவளை யாரும் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். பதினாறாம் நாளுக்குக் கல்யாணப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதில் கறையான் இரண்டு பேருடைய கால்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. சிஎஸ்ஆர் தம்பி குழாயடிப் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்தார். வேறு வழியில்லாமல் அதைத்தான் மாட்டினாள். அவன் அவளுக்காக அரைக்குடம் தண்ணீர் பிடிக்கச் சிரித்த சிரிப்பு, கம்பெனி போர்டுக்குக் கீழே, மாலைக்கு நடுவே. அதை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. சோறு வைத்துவிட்டுக் குனிந்தபடியே திரும்பிவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி இரண்டாவது பள்ளம் தோண்டப்போவதாகத் தண்டோரா வந்தது. ஏரி, ஏரிக்கரைச் சுடுகாடு, லாரி ரோட்டுத் தெரு, தெருமுனை இட்லிக்கடை, கலியபெருமாளைத் தூக்கிப்போன பாதை, எல்லாம் அதற்குள் போகும். அதற்கு முன்னால் சட்டப்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம், பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். கோட்டாட்சியர் அம்மா மேடைக்கு வந்தார். காலை வெயிலில் ஊர் பந்தலுக்குள் நுழைந்து, மேடைக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்து, அப்படியே நின்றது.

முப்பது அடி உயரத்துக்குப் பிளெக்ஸ். அதில் தையல்நாயகி. கையில் சொம்பு, கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பு, கன்னத்தில் கண்ணீர். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஆனந்தக் கண்ணீர்! எங்கள் தாகம் தீர்த்த கம்பெனிக்கு நன்றி!’

பிரசன்னா மைக்கைப் பிடித்தார். திரையில் படங்கள் ஓடின. குழாயடியில் சிரிக்கிற வேம்பு, சிரிக்கிற அருளப்பன், சிரிக்கிற செத்துப்போன ராமு படையாச்சி, தலைக்குத் தலை சிரிப்பு. “அம்மா, ரெண்டு வருசத்துல பதினோராயிரத்துச் சொச்சம் படம். ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல கூட யாரும் முகம் சுளிக்கல. இவ்வளவு சந்தோஷமான மக்கள நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. இதைவிட வேற சம்மதம் என்ன வேணும்?”

ஊர் எதைச் சொல்வது, சிரித்தது நிஜம்தானே? அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து தையல்நாயகி எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு நடந்தாள். கோட்டாட்சியர் அவளையும் பார்த்தார், பிளெக்ஸையும் பார்த்தார்.

“அது நீங்கதானேம்மா?”

“நாந்தான்.”

“நல்லாச் சிரிச்சிருக்கீங்க.”

“எம் புருசன் செத்துகிட்டிருந்தாரு. தண்ணி கேட்டாரு. சிரிச்சாத்தான் வரும்னு ஒங்க குழா சொல்லிச்சு, சிரிச்சேன். அவரு அரச் சொம்பு குடிச்சாரு, போயிட்டாரு. அத எடுத்து முப்பதடிக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க. நீங்கள்ளாம் சோத்ததான் திங்கிறீங்களா?” பிளெக்ஸைக் கைகாட்டினாள். “எம் முகத்த எறக்குங்க. அந்தச் சிரிப்ப எங்கிட்டத் திருப்பிக் குடுங்க.”

பிரசன்னா பக்கத்தில் வந்து, மெதுவாக, உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார். “அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. எனக்கு இது தெரியவே தெரியாது. ஆனா ஒண்ணு நீங்க ஒத்துக்கணும், சிரிக்கச் சொல்லி யாரும் உங்களக் கட்டாயப்படுத்தல.”

“ஆமா தம்பி, கட்டாயப்படுத்தல. தண்ணிய மட்டுந்தான் எடுத்துகிட்டீங்க.”

சொல்லிவிட்டு, மேடைக்குக் கீழே நின்ற கம்பெனிப் போட்டோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். “இஞ்ச வாங்க. எம் படம் ஒண்ணுதான ஒங்ககிட்ட இருக்கு? இன்னொண்ணு எடுங்க.” கையிரண்டையும் தொடையோடு ஒட்டினாள். வாயை மூடினாள். நேரே பார்த்தாள். சிப்பிக்குடியில் அவள் அம்மா நின்றது, அம்மாவின் அம்மா நின்றது அப்படித்தான். போட்டோக்காரர் பிரசன்னாவைப் பார்த்தார், பழக்க தோஷத்தில் விரல் அமுக்கிவிட்டது.

பெண்கள் பக்கத்தில் வேம்பு எழுந்தாள், கையை ஒட்டினாள், வாயை மூடினாள். அருளப்பன் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை எழுந்தது, அப்புறம் இன்னொரு வரிசை, நாற்காலி கரகரக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் பந்தலே எழுந்து, செத்த பிறகு மாட்டுகிற படத்துக்கு நிற்கிற நிற்பாக நின்றது. அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் வேம்பு வாயை மூடினாள். அடுத்த படத்தில் அருளப்பன் மூடினார். ராமு படையாச்சி நாலு பல்லையும் உள்ளே இழுத்துக்கொண்டு கம்பீரமாகப் பார்த்தார். பதினோராயிரத்துச் சொச்சம் வாயும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டே வர, பிரசன்னா ரிமோட்டைத் தட்டத் தட்டப் படங்கள் இன்னும் வேகமாக மூடின. கடைசியில் பிளெக்ஸில் முப்பது அடித் தையல்நாயகி, இழுத்துப் பிடித்திருந்த உதட்டை மெல்ல விட்டு, வாயை மூடிக் கீழே குனிந்து மேடையைப் பார்த்தாள்.

கோட்டாட்சியர் அம்மா நிமிர்ந்து ஒருதரம் பார்த்தார், மறுபடி நிமிரவில்லை. ‘பொதுமக்கள் சம்மதம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இனிமேல் குழாயில் தண்ணீர் வராது என்று எல்லோருக்கும் தெரியும். வேம்புதான் முதலில் கேட்டாள். “அக்கா, சாயங்காலச் சோத்துக்குத் தண்ணி?”

“நம்ம தண்ணி எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதா?” என்றாள் தையல்நாயகி. “கொடத்த எடு.”

பந்தலிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்க் குடங்களை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஊர் கம்பெனி வேலிக்கு நடந்தது. கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. வாசலில் வரிசையாக நின்று, குடம் இடுப்பில் இருக்க, வாயை மூடி, நேரே பார்த்தார்கள். காவலாளிகள் தடியை எடுத்தார்கள். அதற்குள் போட்டோக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து கேமராவை உயர்த்தியிருந்தார். அவருக்கும் காலையிலிருந்து என்னமோ ஆகியிருந்தது, எடுப்பதை நிறுத்த முடியவில்லை என்று பிறகு சொன்னார். பிரசன்னா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். சாவுக்கும் சாபத்துக்கும் பயப்படாத அந்தக் கம்பெனி உலகத்தில் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான், அசிங்கமாக விழுகிற படத்துக்கு. கதவு திறந்தது.

லாரி இறங்குகிற வளைவுப் பாதையில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கினார்கள். அடியில், வெள்ளைக் கல்லுக்கு நடுவே, ஓர் ஏரி அளவுக்குத் தண்ணீர் நின்றது. தையல்நாயகி குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். லேசான உவர்ப்பு, தொண்டையில் சிப்பி வாசம்.

“நம்ம தெருக்கெணத்துத் தண்ணிடி” என்றாள்.

வேம்பும் அள்ளிக் குடித்தாள். “இஞ்சதான் கெடக்குதா! பாவி, எத்தன வருசமாத் தேடுறோம்” என்று காணாமல்போன மாட்டைக் கண்ட குரலில் திட்டிவிட்டுக் குடத்தை அமுக்கினாள்.

அன்றைக்கு அந்தக் கதவு திறந்ததுதான், அதற்கப்புறம் அதை மூடக் கம்பெனி செய்யாத முயற்சி இல்லை. இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. குழாய் காய்ந்து துருப்பிடித்துப்போனது. அச்சுக்கூடத்தில் கம்பெனி எந்தப் பிளெக்ஸ் அடித்தாலும், எந்த ஊர்க்காரியின் சிரித்த முகத்தைக் கொடுத்தாலும், வெளியே வரும்போது அவள் வாய் மூடியே வருகிறதாம்.

அந்த முதல்நாள், வீட்டில் குடத்தை இறக்கிவைத்து, தையல்நாயகி ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, புருசன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். பழக்கத்தில் குனிந்தபடியே திரும்பப் போனவள், ஏதோ தோன்றி நிமிர்ந்தாள். மாலைக்கு நடுவே கலியபெருமாள் வாயை மூடியிருந்தான். கையைத் தொடையோடு ஒட்டியிருந்தான். கல்யாணத்தன்று அவள் பக்கத்தில் நின்ற அதே நிற்பு. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு மாதத்து அழுகையையும் அழுது தீர்த்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், எதற்கோ காத்திருக்கிறவனாக.

“என்னா பார்வ?” என்றாள்.

கேட்கும்போதே உதடு நெளிந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வாய் கொள்ளாமல் சிரித்தாள். அங்கே கேமரா எதுவும் இல்லை.